புகையைப் புதைக்கிற தங்கச்சி

என் தங்கச்சி கனடாவில் ஓர் எண்ணெய்க் கம்பனியில் வேலை செய்கிறாள். இங்கே இலங்கையில் எண்ணெய் இல்லாமல் போன வருடத்தில்தான் அது எனக்கு உறைத்தது. அதுவரை அவள் ஏதோ பெரிய உத்தியோகத்தில் இருக்கிறாள் என்ற அளவில் என் எரிச்சல் பொதுவாக இருந்தது.

வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்க வேண்டும். எங்கள் இறைக்கும் மிசின் மண்ணெண்ணெயில் ஓடுவது. புத்தூர்ச் சந்தியில் எண்ணெய் வாங்க வெறும் பிளாஸ்டிக் கானை வரிசையில் வைத்து, காற்றுக்கு உருளாமல் உள்ளே ஒரு கல்லையும் போட்டுவிட்டு, வேப்பமரத்துக்குக் கீழே குந்தியிருந்தேன். கைபேசியில் ஒரு படம் வந்தது. பனி மூடிய வெளி, நடுவில் தடித்த குழாய்கள், மஞ்சள் தொப்பியோடு அவள். "இண்டைக்கு எங்கடை புதுக் கிணறு தொடங்கிட்டம் அக்கா" என்று கீழே எழுதியிருந்தாள்.

அவளுக்கும் கிணறு. எனக்கும் கிணறு. என்னுடைய கிணற்றில் தண்ணீர் இருந்தது, எடுக்க வழியில்லை. 

பொறாமை என்ற சொல்லை எழுதக் கூச்சப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கூச்சம் இல்லை. நானும் அவளும் ஒரே பள்ளிக்கூடம். கணக்கில் நான் அவளுக்குக் குறைந்தவள் இல்லை. நான் உயர்தரப் பரீட்சை எடுக்கவேண்டிய வருடம் போரில் ஊரே இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தபோது எனக்குக் கலியாண வயது, அவளுக்குப் படிக்கிற வயது. அவ்வளவுதான் வித்தியாசம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

கனடாவில் அவள் முதலில் எண்ணெய் எடுக்கிற பக்கத்தில் இருந்தாள். பிறகு புகையை அடைக்கிற பக்கத்துக்கு மாறினாள். அது என்ன வேலை என்று ஒருநாள் தொலைபேசியில் விளங்கப்படுத்தினாள்.

"ஆலையளிலை இருந்து வாற புகையிலை காபனீரொட்சைட்டைப் பிரிச்செடுத்து, நல்லா இறுக்கி, நிலத்துக்குக் கீழை ஒரு கிலோமீற்றருக்கும் ஆழத்திலை விடுறம் அக்கா. அது அங்கையே கிடக்கும். உலகம் சூடாகிறது குறையும்."

பக்கத்தில் இருந்த என் மனுசன் அதிகம் கதைக்காதவர். "முதல் உந்த எண்ணெயை ஏன் வெளியிலை எடுத்தவை?" என்று மட்டும் கேட்டார்.

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. "வீட்டைக் கொளுத்தினவனே வாளியோடை வந்து நிக்கிறான். அதுக்குச் சம்பளமும் வாங்கிறான்" என்றேன்.

"அக்கா, வாளியாவது கொண்டு வாறான்தானே" என்றாள் அவள். அவளுக்கு எப்போதும் ஒரு பதில் இருக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

எனக்கு ஒரே ஒரு மகள். கண்டிப் பக்கம் போய்ப் புவிச்சரிதவியல் படித்தாள். கல்லையும் மண்ணையும் நிலத்தடி நீரையும் பற்றிய படிப்பு. சித்தியைப் பார்த்துத்தான் இந்தப் படிப்பை எடுத்தாள் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அது பொய். எங்கள் காணிக்கு மேற்கே இறைக்கும் மிசின் திருத்துகிற ஒருவர் இருக்கிறார். கழித்த எண்ணெயைத் தன் வளவுக்குள் கிடங்கு வெட்டி ஊற்றி மண்ணைப் போட்டு மூடிவிட்டார். மாரி வந்து நீர்மட்டம் ஏறியதும் எங்கள் வீட்டுத் தேத்தண்ணீரில் மிசின் மணத்தது. வாளியில் அள்ளினால் மேலே வானவில் மாதிரி ஒரு படை. மகள் அப்போது சின்னப் பிள்ளை. கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து, "அம்மா, கீழை எல்லாக் கிணறும் ஒண்டோடை ஒண்டு கதைக்கிறதோ?" என்று கேட்டாள். அவளுடைய படிப்பு என் கிணற்றில் தொடங்கியது. தங்கச்சியின் பனிவெளியில் இல்லை. இதை ஒருவரும் சொல்வதில்லை என்பதால் நான் சொல்கிறேன்.

பட்டம் கிடைத்த கையோடு தங்கச்சி அழைத்தாள். தன் கம்பனி பணம் கொடுத்து அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களை எடுக்கிறதாம். புகையைப் புதைப்பது பற்றிய ஆராய்ச்சி. தான் ஒரு சொல் சொன்னால் இடம் கிடைக்குமாம். தன் வீட்டிலேயே இருக்கலாமாம்.

"யோசிச்சுச் சொல்லுறன் சித்தி" என்றாள் மகள். ஆனால் முகம் யோசிக்கிற முகமாக இல்லை. அது போய்விட்ட முகம்.

பிள்ளை தூரம் போகிறாள் என்று தாய்மார் அழுவார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அவள் அவுஸ்திரேலியாவுக்கோ ஜப்பானுக்கோ போவதென்றால் நானே பெட்டி அடுக்கிக் கொடுத்திருப்பேன். தங்கச்சியிடம் போவதுதான் எனக்கு வயிறெரிந்தது. படிப்பு அவளுக்கு, பனி அவளுக்கு, மஞ்சள் தொப்பி அவளுக்கு. நான் பெற்று வளர்த்ததும் அவளுக்கா?

அந்த ஆடி மாதம் தங்கச்சி கோயில் தேருக்கு வந்தாள். வந்த மறுநாளே மகளோடு மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டு கிணறு கிணறாகத் திரிந்தாள். நிலாவரைக் கிணற்றடியில் நின்று இரண்டு பேரும் படம் எடுத்து அனுப்பினார்கள். மேலே நன்னீரும் ஆழத்தில் உப்பு நீருமாக இருக்கிற அந்தக் கிணற்றைப் பார்க்கச் சின்ன வயதில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள் என் தங்கச்சி. அந்தப் படத்தில் என் மகளுடைய தோளில் கை போட்டுக்கொண்டு நின்றாள்.

மத்தியானம் நண்டுக் குழம்பு ஆறிப் போனது. அவர்கள் பின்னேரம் வந்தார்கள், ஒரு பை நிறையக் கல்லோடு. கை கழுவ முதலே தங்கச்சி ஒரு சுண்ணக்கல்லை என் குசினி மேசையில் வைத்து அதன்மேல் கரண்டியால் தண்ணீர் விட்டாள். தண்ணீர் வழியவில்லை. கல்லுக்குள் போய்விட்டது.

"பாத்தியோ? கல்லு எண்டா இறுக்கம் எண்டு நினைக்கிறம். உள்ளை எவ்வளவு வெறும் இடம். அதுக்குள்ளைதான் நாங்கள் வேலை செய்யிறம்."

"இன்னொருக்கா விடுங்கோ சித்தி" என்றாள் மகள்.

அந்தக் கல்லை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். மதில் அதில், கிணறு அதில். எத்தனை முறை அதன்மேல் தண்ணீர் ஊற்றியிருப்பேன். ஆனால் என் மகளுக்கு அதைக் காட்ட எனக்குத் தோன்றவில்லை. அது என்னை எரித்தது.

"மேசையிலை மண் கொட்டுண்ணுது" என்றேன்.

தேர் முடிந்த கிழமை எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் அவளைப் பேச அழைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து யாராவது படித்தவர்கள் வந்தால் விடமாட்டார்கள். மாலை, பொன்னாடை, பேச்சு, வடை, தேத்தண்ணீர். நிலையத் தலைவர் முதல்நாள் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார்:

"பொன்னாடையை நீங்கள்தான் போத்த வேணும். மூத்த சகோதரி போத்தினா வடிவாயிருக்கும்."

"வேறை ஆக்கள் இல்லையோ?"

"ஏன், உங்களுக்குப் பெருமை இல்லையோ?"

"போத்துறன்" என்றேன்.

மேடையில் ஏறி, என் கையாலேயே அவளுக்குப் பொன்னாடை போர்த்தினேன். எல்லோரும் கைதட்டினார்கள். என் மகள்தான் படம் எடுத்தாள். "அம்மா, கொஞ்சம் சிரியுங்கோ" என்று கீழே இருந்து கத்தினாள். அந்தப் படம் இன்னும் வீட்டில் இருக்கிறது. நான் தங்கச்சியின் கழுத்தை நெரிக்கிற மாதிரி அதில் தெரிகிறது என்று என் மனுசன் சொல்வார்.

அவள் நன்றாகத்தான் பேசினாள். உண்மையைச் சொல்ல வேண்டும். புகையில் என்ன இருக்கிறது, அதை எப்படிப் பிரிப்பது, எப்படிக் கீழே அனுப்புவது என்று எங்கள் சனத்துக்கு விளங்கும்படி சொன்னாள். இதை எதிர்க்கிறவர்களும் இருக்கிறார்கள் என்றும் சொன்னாள். எண்ணெய்க் கம்பனிகள் தொடர்ந்து எண்ணெய் எடுப்பதற்கு இதை ஒரு சாட்டாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவர்களுடைய வாதமாம். புதைக்காமல் விட்டால் சூடு இன்னும் ஏறும் என்பது இவளுடைய வாதம்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கை தூக்கினார். "பிள்ளை, இது சோடாப் போத்திலுக்குள்ளை இருக்கிற காத்துத்தானே?"

"ஓம் ஐயா, அதே காத்துத்தான்."

"அப்ப நிலம் ஏப்பம் விட்டால் என்ன செய்வியள்?"

மண்டபம் சிரித்தது. அவளும் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. எழும்பினேன்.

"நான் ஒண்டு கேக்கிறன். எங்கடை வீட்டுக்கு மேற்காலை ஒருத்தர் கழிச்ச எண்ணெயைத் தன்ரை வளவுக்குள்ளைதான் தாட்டவர். வந்தது எங்கடை கிணத்துக்குள்ளை. நீங்கள் புதைக்கிறது ஆரின்ரை கிணத்துக்குள்ளை வரும்?"

அவளை 'நீங்கள்' என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் பொன்னாடையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

மேற்குக் காணிக்காரர் பின்னால் இருந்தார். "அது எப்பத்தைய கதை! அதை ஏன் இஞ்சை கொண்டு வாறாய்?" என்று சத்தம் போட்டார்.

"நீர் இரும். மணந்தது உம்மடை தேத்தண்ணி இல்லை" என்றேன்.

தங்கச்சி பொறுத்திருந்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, அந்தக் கிடங்கு உங்கடை இடுப்பளவுதான் ஆழம். எங்கடை ஊர் நிலம் முழுக்க ஓட்டைச் சுண்ணக்கல்லு. எதை ஊத்தினாலும் ஓடும். நாங்கள் விடுற இடத்துக்கு மேலை இறுக்கமான பாறை மூடி மாதிரிக் கிடக்குது. எத்தனையோ கோடி வருசமா எண்ணெயே அதைத் தாண்டி மேலை வரேல்லை."

"அப்ப ஒருநாளும் வராது எண்டு சத்தியம் பண்ணுவியளோ?"

"பண்ண மாட்டன். அதுக்குத்தான் விடாமல் பாத்துக்கொண்டு இருக்கிறம்."

அதற்கும் கைதட்டினார்கள். நான் இருந்தேன். ஊருக்கு முன்னால் நானே கேட்டு நானே வாங்கிக் கட்டிக்கொண்டது போலிருந்தது.

அப்போது மகள் எழும்பினாள்.

"சித்தி, கசியுமோ கசியாதோ எண்டது இல்லை என்ரை கேள்வி. கன இடங்களிலை இந்தக் காத்தைப் பழைய எண்ணெய்க் கிணறுகளுக்குள்ளை விட்டு, அதாலை தள்ளித்தான் மிச்ச எண்ணெயையும் மேலை எடுக்கினம். உண்மையோ?"

"ஓம். சில இடங்களிலை."

"உங்கடை இடத்திலை?"

தங்கச்சி கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். "ஒரு பகுதி" என்றாள்.

"அந்த எண்ணெயை எரிச்சால் வாற புகையை ஆரின்ரை கணக்கிலை போடுறது?"

"எரிக்கிறவையின்ரை கணக்கிலை."

"எரிக்கிறவை ஆர்?"

"எல்லாரும்தான். உன்ரை அம்மாவின்ரை இறைக்கிற மிசினும்தான்."

சனம் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. மகள் சிரிக்கவில்லை. "அம்மாவுக்கு வேறை வழி ஒண்டைக் குடுத்திட்டோ அப்பிடிச் சொல்லுறியள்?" என்று கேட்டாள்.

என் பிள்ளை எனக்காக எழும்பி நின்றாள். நான் குளிர்ந்து போயிருக்க வேண்டும். குளிர்ந்தும் போனேன், தங்கச்சியின் முகத்தைப் பார்க்கும்வரை. அவளுக்குக் கோபம் இல்லை, வெட்கம் இல்லை. தான் நட்ட கன்று முதன்முதலாகக் காய்த்ததைப் பார்க்கிறவள் மாதிரி என் மகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தக் கேள்விக்கு என்னட்டை நல்ல பதில் இல்லை பிள்ளை" என்றாள்.

அடுத்த நாள் காலையில் தோட்டத்தில் வெங்காயத் தறையில் நின்றபோது மகள் வந்து சொன்னாள்: "நான் போகேல்லை அம்மா. அந்தக் கம்பனியின்ரை காசிலை படிச்சுக்கொண்டு அவையைப் பற்றி எழுதேலாது. இஞ்சை கிணறுகளைப் பற்றிச் செய்யலாம் போலை இருக்கு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலை ஒரு இடம் கேட்டிருக்கிறன்."

மண்வெட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்று நான் சமைத்த மாதிரி கலியாண வீட்டிலும் சமைத்திருக்க மாட்டார்கள். இறால், முருங்கைக்காய், கத்தரிக்காய்ப் பொரியல், பாயாசம். தங்கச்சிக்கு நானே பரிமாறினேன். அவள் உடைந்து போவதைப் பார்க்க ஆசையாக இருந்தது. மகள் தன் முடிவைச் சொன்னாள். தங்கச்சி பாயாசத்தை வழித்துக் குடித்துவிட்டு, "நல்லது. வந்திருந்தால் நீ எங்கடை ஆளாப் போயிருப்பாய். இனி என்னோடை சண்டை பிடிக்க ஒரு ஆள் இருக்கு" என்றாள்.

அவள் உடையவில்லை. இன்னும் கொஞ்சம் பாயாசம் கேட்டாள்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் சண்டை. மகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டு கொக்குவிலில் அறை எடுத்து இருக்கிறாள். சனி இரவு வீட்டுக்கு வருவாள். ஞாயிறு காலை வீடியோவில் சித்தி. அங்கே அது சனி இரவு. ஒருவருக்கொருவர் கட்டுரை அனுப்புகிறார்கள், படம் அனுப்புகிறார்கள். "அது பொய் சித்தி!" என்று இவள் கத்துவாள். "நீ அடுத்த பக்கத்தை வாசிக்கேல்லை, கள்ளி!" என்று அவள் கத்துவாள். என் பிள்ளையின் முகம் சிவந்து, கை ஆட்டி, ஒரு கட்டத்தில் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தேத்தண்ணீர் ஆறிப் போகும்.

கொள்கையில் நானும் மகளும் ஒரு பக்கம். எண்ணெய்க் கம்பனிகள் கள்ளர், புதைக்கிற கதை அவர்களுடைய சாட்டு. இதில் எங்களுக்குள் எந்த வித்தியாசமும் இல்லை. அதனால் எங்களுக்குக் கதைக்கவும் ஒன்றும் இல்லை. "கள்ளர்" என்பேன் நான். "ஓம் அம்மா" என்பாள். அதோடு முடிந்தது. பிறகு "பிரஷர்க் குளிசை போட்டியளோ?" என்று கேட்பாள். சித்தியிடம் அவள் ஒருநாளும் குளிசையைப் பற்றிக் கேட்டதில்லை.

போன ஞாயிறு காலை, அழைப்பு வருமுதல், குசினியில் இரண்டு பேரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். எனக்கு என்ன வந்ததோ தெரியாது. சொன்னேன்:

"உன்ரை சித்தி சொல்லுறதும் சரிதான். வந்த புகையை எங்கையாவது வைக்கத்தானே வேணும்."

மகள் கத்தியைக் கீழே வைத்தாள். "என்ன சொன்னீங்கள்?"

"எல்லாத்தையும் இண்டைக்கே நிப்பாட்டேலுமே? நிப்பாட்டினால் நான் எப்பிடி இறைக்கிறது? நிப்பாட்டுமட்டும் வாறதைப் புதைக்கட்டும். உனக்கென்ன?"

"அம்மா, அந்தக் கதையைத்தான் அவை விக்கினம்! நிப்பாட்டுமட்டும், நிப்பாட்டுமட்டும் எண்டு நிப்பாட்டவே மாட்டினம்."

"நீ கண்டியோ?"

"ஓம் கண்டனான். சொல்லட்டோ?"

"சொல்லன் பாப்பம்."

கதிரையை இழுத்து என் முன்னால் போட்டுக்கொண்டு இருந்தாள். முகம் சிவந்தது. கை ஆட்டினாள். நான் சொன்ன எதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. தங்கச்சி சொன்னவற்றைத்தான் ஒவ்வொன்றாக எடுத்து வீசினேன். இத்தனை ஞாயிறு பக்கத்து அறையில் இருந்து ஒட்டுக் கேட்டதில் எல்லாம் பாடமாக இருந்தது. "உங்களுக்கு ஆர் அம்மா உந்தக் கணக்கெல்லாம் சொன்னது?" என்று ஒருமுறை திகைத்துப் போய்க் கேட்டாள். சோறு அடிப்பிடித்தது. நான் எழும்பவில்லை.

அப்போதுதான் கைபேசி அடித்தது. மகள் எடுத்தாள். "சித்தி, அநியாயம் ஒண்டு நடந்திட்டுது. அம்மா உங்கடை பக்கம் வந்திட்டா!"

"மெய்யே? குடு, குடு, அக்காட்டைக் குடு!" அந்தப் பக்கம் ஒரே ஆரவாரம்.

மகள் கைபேசியை உப்புப் போத்திலில் சாத்தி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள். திரை முழுக்கத் தங்கச்சியின் முகம், எல்லாப் பல்லும் தெரிய.

"அக்கா, நான் உங்களை ஒருநாளும் இப்பிடி எதிர்பாக்கேல்லை."

"துள்ளாதை. நான் உன்ரை பக்கம் இல்லை."

"அப்ப ஆரின்ரை பக்கம்?"

மகளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பதிலுக்காக. அடுப்பில் புகை மணத்தது. அவள் சோற்றுப் பானையை இறக்கத் திரும்பினாள். அந்த நேரத்தில் நான் உப்புப் போத்திலை விரலால் மெல்லத் தள்ளி, கைபேசியை என் பக்கம் திருப்பினேன். கண்ணாடியில் பார்ப்பது போல என் முகம் மட்டும் திரையின் மூலையில் தெரிந்தது.

"பிள்ளையைக் காணேல்லை அக்கா" என்றாள் தங்கச்சி.

"நான் இருக்கிறன்தானே" என்றேன். "என்னோடை கதை."